மடையன் கோடு

1

எழுத்தாளர்கள் எல்லாரும் தங்கள் கதை பேனாவிலிருந்து பிறந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு. இந்தக் கதை மெய்யாகவே என் பேனாவிலிருந்து பிறந்தது. தடித்த முனை, கறுப்பு மை, தண்ணீர் பட்டாலும் அழியாது என்று அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். பிடிக்காத வரிகளைத் தடம் தெரியாமல் அடிப்பதற்காக வைத்திருந்தேன். இரண்டு வீடு தள்ளி இருக்கும் வெர்லின் ஹாஸ்டெட்டர் ஒரு சனிக்கிழமை காலையில் வந்து அதை இரவல் கேட்டார்.

"எதுக்குய்யா?" என்றேன்.

"அட்டைப்பெட்டியில பேர் எழுதணும்."

"யார் பேர்?"

"ஒரு பேனாவுக்கு இத்தனை கேள்வியா? துப்பாக்கி வாங்கறப்பகூட என்னை இவ்வளவு கேக்கல."

சாயங்காலம் திருப்பிக் கொடுத்தார். முனை ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது. அட்டையில் எழுதினால் முனை அப்படி ஆகாது. ஏதோ கெட்டியான பொருளில் போட்டுத் தேய்த்திருக்கிறார். நான் அப்போதே கேட்டிருந்தால் இந்தக் கதை இருந்திருக்காது. பாவம் ஒரு பெண்மணியும்… வேண்டாம், அது ஏழாவது பகுதியில் வரவேண்டியது. இப்போதே சொன்னால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். எனக்கு அதுவரை நீங்கள் சிரிக்க வேண்டும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "பென்சில்வேனியாவின் மலைகளில் இலைகள் சிவந்து உதிரத் தொடங்கியிருந்த அந்த…" நிறுத்திவிட்டேன். இந்த ஊரில் யாரும் மலையைப் பார்ப்பதில்லை. மலை பாட்டுக்கு நிற்கிறது.

இரண்டாவது: "துப்பாக்கி என்பது மனிதனின்…" இதையும் நிறுத்திவிட்டேன். இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் உங்களில் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வருவீர்கள். சண்டை போட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது ஒரு கீறலைப் பற்றிய கதை. அந்தக் கீறல் ஒரு தையல் இயந்திரத்தில் விழுந்திருந்தாலும் வெர்லின் இதையேதான் செய்திருப்பார்.

மூன்றாவது: "ஓடெட் ஃபென்ஸ்டர்மாக்கரின் கண்களைப் பற்றி ஊரில் யாருக்கும் எப்போதும் சந்தேகம் வந்ததில்லை." இதுதான் சரியான தொடக்கம். ஆனால் அந்தப் பெயரைக் கடப்பதற்குள் வாசகர் களைத்துவிடுவார். (பெயரை மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். மாற்றிப் பார்த்தேன். வேறு எந்தப் பெயரிலும் அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க மறுக்கிறார்.) ஆகவே இனி வெறும் ஓடெட்.

3

கதைக்கு முன்னால் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஆட்கள் துப்பாக்கியை முழுதாக வாங்குவதைவிடப் பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பொருத்திக்கொள்வதைப் பெருமையாக நினைக்கிறார்கள். அதில் முக்கியமான பாகம் ரிசீவர். குழல், விசை, பின்கட்டை எல்லாம் வந்து சேரும் நடு உடம்பு அது. அலுமினியத்தில் கடைந்து, மேலே கறுப்புப் பூச்சு ஏற்றியிருப்பார்கள். பெட்டியைப் பிரித்ததும் சுடுவதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. முதலில் குறை தேடுகிறார்கள். ஜன்னலோரம் ஒரு முறை, விளக்கடியில் ஒரு முறை, அப்புறம் பூதக்கண்ணாடி. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைக் கைப்பேசியில் படம் பிடித்து, அது தெரியும்வரை பெரிதாக்கி, "இதை ஏற்றுக்கொள்ளலாமா?" என்று இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் கேட்கிறார்கள். முகம் தெரியாதவர்கள் ஒருபோதும் ஏற்றுக்கொள்வதில்லை. அடுத்த வாரம் சேற்றிலும் முள்ளிலும் புரளப்போகிற பொருளுக்குத்தான் இத்தனை உபசாரம்.

இதில் ஒரு சட்டம் உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆலையில் விழுந்த கீறல் என்றால் அதன் மேல் பூச்சு ஏறியிருக்கும், உள்ளேயும் கறுப்பாக இருக்கும். வீட்டில் விழுந்த கீறல் பூச்சைக் கிழித்துவிடும், வெள்ளையாகப் பல்லைக் காட்டும். கறுப்பு என்றால் அவர்கள் குற்றம், வெள்ளை என்றால் உங்கள் குற்றம்.

இனி மடையன் கோடு. ரிசீவரின் இடது பக்கத்தில் ஒரு சிற்றாணியைச் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும். கை வழுக்கினால் ஆணிக்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒரு கோடு விழும். அதனால் தட்டுவதற்கு முன் அந்த இடத்தில் நீல டேப் ஒட்டிக்கொள்வார்கள். ஒட்டாமல் தட்டியவன் போட்ட கோடுதான் மடையன் கோடு. நான் வைத்த பெயர் இல்லை. இவர்கள் பேச்சிலும் ஏறக்குறைய இதேதான்.*

எங்கள் சுடும் கழகத்தில் இதற்குத் தண்டனை உண்டு. புதிதாகப் பொருத்திய துப்பாக்கியை மேஜையில் வைத்து, விளக்கைத் தாழ்த்தி, எல்லாரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். பெண் பார்க்கிற மாதிரிதான். கையில் எடுக்கலாம், திருப்பலாம், ஆனால் உடையவர் சொல்லாமல் துணியாலோ எண்ணெயாலோ துடைக்கக் கூடாது. அது பெரிய மரியாதைக் குறைவு. மடையன் கோடு கண்டுபிடிக்கப்பட்டால், நீல டேப் சுருளில் கயிறு கோத்து அந்த ஆளின் கழுத்தில் மாட்டுவார்கள். அடுத்த மடையன் அகப்படும் வரை கழக விருந்துகளுக்கு அதை அணிந்துதான் வரவேண்டும்.

இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் வெர்லின். புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பவரும் அவர்தான். "முதல்ல டேப், அப்புறம் சுத்தியல்" என்று அவர் சொல்லாத வகுப்பு கிடையாது.

* ஒரு கோடைகாலம் முழுக்க அந்த மாலை என் கழுத்தில் கிடந்தது. மாட்டிவிட்டவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கதையை நான் கொஞ்சம் ருசித்து எழுதுவதாக உங்களுக்குத் தோன்றினால், தோன்றியது சரி.

4

இப்போது ஓடெட்.

ஊர் எல்லையில் இருக்கும் ஆலையில் ரிசீவர்களைக் கடைசியாகப் பார்த்து அனுப்புகிறவர் அவர். அவருடைய மேஜையில் வளைகிற கழுத்துள்ள ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரி என்றால் தன் பெயரின் முதலெழுத்துகளைச் சிறிய சீட்டில் போட்டுப் பெட்டிக்குள் வைப்பார். அந்தச் சீட்டு இருந்தால் எங்கள் ஆட்கள் குறை தேடுவதை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்ல ஆசை. நிறுத்த மாட்டார்கள். ஆனால் கிடைக்காது என்று தெரிந்தே தேடுவார்கள்.

கணவர் காலமாகிவிட்டார். ஒரே பையன். அந்தப் பையனுக்கும் வெர்லினின் மகள் ஜனெலுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். இவர்கள் பேச்சில் சம்பந்தி என்ற உறவுக்குச் சொல்லே கிடையாது. பெண்ணைக் கொடுத்தவரும் பையனைக் கொடுத்தவரும் ஒருவருக்கொருவர் யார் என்று தெரியாமலேயே காலம் தள்ளுகிறார்கள். கதைக்காக நம்முடையதை இரவல் தருகிறேன். ஓடெட் வெர்லினின் சம்பந்தியம்மா. அந்த முறைக்காக அவர் ஒரு காரியம் செய்தார். ஆலையில் வந்தவற்றிலேயே மிக அழகான ரிசீவரை எடுத்து ஒதுக்கி வைத்து, கடைக்கு அனுப்பி, வெர்லின் அங்கே கேட்டதும் அதுவே அவர் கைக்குப் போகும்படி செய்தார்.

இங்கே எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. வெர்லின் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பனியிலும் வழுக்கலிலும் ஊர்ப் பிள்ளைகளை வீடு சேர்த்தவர். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். இப்படி ஒரு மனிதர் பொய் சொல்வாரா என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்டேன். அவருக்கு ஒரு குடிப்பழக்கம் வைக்கலாமா, ஒரு பழைய பகை வைக்கலாமா என்றெல்லாம் யோசித்தேன். எதுவும் ஒட்டவில்லை. நல்லவர், நேர்மையானவர், ஆனால் கேலியைத் தாங்கமாட்டார். அடுத்தவரைக் கேலி செய்வதில் கில்லாடிகளாக இருப்பவர்களுக்கு இந்த வியாதி உண்டு.

5

இந்தப் பகுதியில் நான் இல்லை. நிலவறையில் வெர்லினும் அவருடைய நாயும் மட்டும்தான். நாய் எதுவும் சொல்லவில்லை. ஆகவே வெர்லின் பிற்பாடு சொன்னதில் பாதி, என் கற்பனை பாதி.

டேப் மேஜையிலேயே இருந்தது. கையெட்டும் தூரம். சிற்றாணியை அதன் இடத்தில் நிறுத்தி, சுத்தியலை ஓங்கிவிட்டார். அப்போது மேலேயிருந்து அவர் மனைவி ஃபெர்னின் குரல்.

"ஏங்க, கல்யாண மேஜைக்கு நாப்கின் பச்சையா வெள்ளையா?"

"பச்ச" என்றார் வெர்லின். "ச்ச" என்னும்போது சுத்தியல் இறங்கியது.

(இங்கே ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். உலோகத்தின் ஓசை, தூசி, நிலவறை ஜன்னலில் வந்த ஒளி. அடித்துவிட்டேன். கீறல் விழ அரை நொடி போதும், அதற்கு ஒரு பக்கம் அதிகம்.)

வெள்ளையாக, அரை விரல் நீளத்துக்கு ஒரு கோடு. வகுப்பில் அவர் படம் போட்டுக் காட்டுகிற கோடு. வெர்லின் நாயைப் பார்த்தார். நாய் வேறு பக்கம் பார்த்தது. அன்றைக்குத்தான் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

ஒன்றை அவர் பக்கம் நின்று சொல்ல வேண்டும். மை தடவியபோது மறைப்பது மட்டும்தான் அவர் எண்ணம். வெள்ளையைக் கறுப்பாக்கினால் தன் குற்றம் இன்னொருவர் குற்றமாகிவிடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் நம்புகிறேன். உங்களுக்குக் கட்டாயம் இல்லை.

6

கழக விருந்து. பன்றி இறைச்சியும் புளித்த முட்டைக்கோசும். சம்பந்தி வீட்டார் என்ற முறையில் ஓடெட்டும் வந்து மேஜைக் கோடியில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்கு முன் வெர்லினின் புதுத் துப்பாக்கியைப் பார்க்கும் சடங்கு. கழகப் பொருளாளர் லேமார் விளக்கைத் தாழ்த்தினார். லேமாரும் ஒரு காலத்தில் மாலை போட்டவர்தான்.

"அட. வெர்லின், இங்க என்ன?"

"எங்க?"

"ஆணிக்குப் பக்கத்துல. கோடு மாதிரி இருக்கே." லேமாரின் கை பின்னால் சுவரில் தொங்கிய டேப் மாலையைத் தேடியது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "வாத்தியாரே, கழுத்தை நீட்டுங்க."

"நல்லா பாருய்யா" என்றார் வெர்லின். "உள்ள கறுப்பா இருக்கு பாரு."

லேமார் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சந்தோஷம் வடிந்தது. "ஆமா. கறுப்புதான்."

"அப்ப?"

"அப்ப வரும்போதே இருந்துதா?"

இந்த இடத்தில் கதை ஒரு நிமிடம் நின்றது. நான் நிறுத்தவில்லை, தானாக நின்றது. வெர்லின் இன்னொரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். எல்லாரும் சிரித்திருப்பார்கள், மாலை விழுந்திருக்கும், இறைச்சி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

"இருந்துது" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு மேஜைக் கோடி நினைவுக்கு வந்தது. ஓடெட் எழுந்து வந்துகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை ஓரங்களில் மட்டும் பிடித்து ரிசீவரை விளக்கில் காட்டினார். துடைத்துப் பார்க்கவில்லை, வெர்லினைக் கேட்காமல் அவர் துடைக்க மாட்டார். நான் பக்கத்தில் நின்றேன். சாய்த்தபோது அந்தக் கறுப்பில் லேசாக ஊதா மின்னியது. எனக்கு அந்த ஊதாவைத் தெரியும். என் கையெழுத்துப் பிரதிகள் முழுக்க அதுதான்.

"என் மேஜையில இருந்து போனதுதான்" என்றார் ஓடெட். "நான் பாக்காம விட்டிருக்கேன். மன்னிச்சிடுங்க, வெர்லின். நாளைக்கே வேற மாத்தித் தர்றேன்."

"வேண்டாம், வேண்டாம்" என்றார் வெர்லின் அவசரமாக. ஆலைக்குத் திரும்பிப் போனால் முதல் வேலையாக எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள், மை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். "எனக்கு இதுவே போதும்."

லேமாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? சம்பந்தி மனசு நோகக் கூடாதுன்னு ஒரு வார்த்தை வெளிய சொல்லல. நம்மள்ல யாராவது சும்மா இருந்திருப்போமா? இதுக்குள்ள இணையத்துல ஏத்தியிருப்போம்." எல்லாரும் கை தட்டினார்கள். வெர்லின் அன்று இறைச்சியைத் தொடவில்லை. அதையும் அடக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது அவர் வண்டியில்தான் வந்தேன். 

"நல்ல பேனாய்யா உன்னுது" என்றார் வழியில்.

"சொல்லிடுங்க."

"சொல்றேன். கல்யாணம் முடியட்டும்."

7

மறுநாள் ஓடெட் வெர்லின் வீட்டுக்கு ஒரு ஷூஃப்ளை பை சுட்டு எடுத்துப் போனார். வெல்லப்பாகு ஊற்றிச் செய்கிற இந்த ஊர்ப் பலகாரம். மன்னிப்புக் கேட்கிற பை. அடுத்த வாரம் இன்னொன்று. "ஃபெர்ன் ஊட்டாத குறையா எடுத்து வைக்கறா, எப்படிய்யா வேண்டாங்கறது?" என்று என்னிடம் முறையிட்டார் வெர்லின். தின்றிருக்கிறார். நன்றாக இருந்ததாம்.

இதுவரை சிரித்தீர்கள் அல்லவா? நன்றி. இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் தேவாலயம் விட்டதும் ஓடெட் என் வீட்டுக்கும் அதே பலகாரத்தோடு வந்தார். அன்று மேஜையைச் சுற்றி நின்ற எல்லாருக்கும் கொடுத்துவருகிறாராம். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தவர் பை மேலிருந்த துணியைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"சம்பந்திக்குப் போறதுன்னு அதை இன்னும் ரெண்டு தடவை சேத்துப் பாத்தேன்" என்றார். "அந்த ஆணி ஓட்டைப் பக்கம் பாத்தது நல்லா ஞாபகம் இருக்கு. கோடு ஞாபகம் இல்ல."

"சில சமயம் அப்படித்தான்…" என்று இழுத்தேன்.

"கண் டாக்டர்கிட்ட போனேன். கண்ணு பிரமாதமா இருக்காம். எனக்கு அதுதான் பயமாயிடுச்சு. கண்ணு நல்லா இருந்தும் கோடு தெரியலைன்னா, கோளாறு வேற எங்கயோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்பை அணைச்சிட்டேன்னு சத்தியம் பண்ணுவாங்க. எரிஞ்சிட்டிருக்கும். கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க." துணியை இன்னொரு முறை சரிசெய்தார். "நாளைக்குக் காலைல சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடப் போறேன், விளக்கை வேற ஆளுக்குக் குடுங்கன்னு. கல்யாணத்துக்கு முன்னாடி பையன்கிட்டயும் ஜனெல்கிட்டயும் சொல்லணும். நாளைக்கு என்னைப் பாத்துக்கப் போறவ அவதானே. மறைச்சுக் கல்யாணம் பண்ணக் கூடாதில்ல?"

"வெர்லின்கிட்ட ஒரு தடவை பேசிப் பாருங்களேன்."

"அவர்கிட்ட என்ன பேசறது? தங்கமான மனுஷன்."

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் படியிறங்கியதும் வெர்லினைக் கைப்பேசியில் கூப்பிட்டேன். உடனே வாங்க, இருட்டறதுக்குள்ள நீங்க அவங்ககிட்ட சொல்லணும், இல்லைன்னா நான் சொல்லிடுவேன் என்றேன். ஒரு பிற்பகலை அவருக்குக் கொடுத்தேன். அந்தப் பிற்பகலை ஓடெட்டிடமிருந்து எடுத்துத்தான் கொடுத்தேன் என்பதும் தெரியும். கோபமாக இருந்தது, யார் மேல் என்று சொல்ல முடியவில்லை.

8

வெர்லின் வருவதற்குள் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: கல்யாண விருந்தில் யாரோ எண்ணெய்க் கையோடு ரிசீவரைத் தொட, மை கரைந்து… இல்லை. கல்யாணத்துக்குத் துப்பாக்கியை யார் எடுத்து வருவார்கள்? (லேமார் எடுத்து வருவார். இருந்தாலும் இல்லை.)

முடிவு இரண்டு: ஓடெட்டுக்கு முதலிலேயே எல்லாம் தெரியும், வெர்லினைத் திணறடிக்கத்தான் பை சுடுகிறார். இதை எழுதும்போது எனக்கே குஷியாக இருந்தது. வாசகரும் கை தட்டுவார். ஆனால் காலையில் அந்தத் துணியைச் சரிசெய்த கைகளை நான் பார்த்தேன். அடித்துவிட்டேன், அதே பேனாவால்.

முடிவு மூன்று: யாரும் சொல்லவில்லை. துப்பாக்கிக்குப் போடும் எண்ணெயில் மை மெல்ல அழிகிறது. ஒரு நாள் கோடு வெள்ளையாகிறது. அதற்குள் அந்த மேஜையில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார், ஓடெட் ஒவ்வொரு இரவும் அடுப்பை மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகிறார். இது நடக்கக்கூடியது. அதனால்தான் இதை நான் எழுத

9

கதவு தட்டும் சத்தம். வெர்லின்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் பெயரெல்லாம் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இன்று சமையலறையில் உட்கார வைத்து, காபி ஊற்றிக் கொடுத்து, ஒன்றாம் பகுதியிலிருந்து அவர் பேச்சில் பெயர்த்துப் படித்துக் காட்டினேன்.

"நாப்கின் பச்சை இல்ல, கருநீலம்" என்றார் ஐந்தாம் பகுதியில்.

"பச்சைன்னுதான் எங்கிட்ட சொன்னீங்க."

"அப்ப பச்சைன்னேன். அப்புறம் ஃபெர்ன் மாத்திட்டா. நாய் வேற பக்கம் பாக்கவும் இல்ல. என்னைத்தான் பாத்துட்டிருந்துது." பிறகு ஆறாம் பகுதியில், "லேமார் அழுததை எதுக்குப் போட்ட? அவன் பாவம்" என்றார்.

ஏழாம் பகுதி அவருக்குத் தெரியாது. கண் டாக்டரைப் பற்றியும் தெரியாது, அம்மாவைப் பற்றியும் தெரியாது. படித்து முடித்தபோது கோப்பை அவர் கையிலேயே இருந்தது.

"தலையிலன்னு நினைக்கறாங்களா?" என்றார்.

"ஆமா."

"ஒரு கோட்டுக்காகவா?"

"அவங்க ஒரு கோடும் விட்டதில்லையே."

கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "எழுது" என்றார். "அவன் போய்ச் சொல்லிட்டான்னு எழுது."

"நீங்க இன்னும் போகலயே."

"நீ எழுதிடு. எழுதிட்டா போய்த்தான் ஆகணும் இல்ல?"

"எழுதின பிறகு நீங்க போகலைன்னா, பொய் சொன்னது நானாயிடும். இந்தத் தடவை பேனா கிடையாது."

சிரிக்க முயன்றார், வரவில்லை. எழுந்து குல்லாவை எடுத்தார், மறுபடி வைத்தார். "போய் என்னன்னு சொல்றது?"

"ஓடெட் எதிர்ல உக்காந்திருக்காங்கன்னு வச்சுக்குங்க. எங்கிட்ட சொல்லுங்க."

நான் முகத்தை ஓடெட் மாதிரி வைத்துக்கொண்டேன். வெர்லின் தொண்டையைச் செருமினார்.

"ஓடெட், அன்னிக்கு ஃபெர்ன் மேல இருந்து கூப்பிட்டாளா…"

நான் இல்லாத மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

"டேப் மேஜையிலதான் இருந்துது. நான் எப்பவும் டேப் ஒட்டறவன், உங்களுக்கே தெரியும்…"

"நான் வேணும்னு செய்யல. லேமார் அந்த மாலையை எடுத்தானா, எனக்கு வாயில…"

ஒவ்வொன்றும் பாதியில் செத்தது. நிறையக் கதைகளை இப்படிப் பாதியில் விட்டவன் நான், அந்தச் சாவு எனக்கு நன்றாகத் தெரியும். எல்லா வாக்கியத்திலும் அவரே இருந்தார், அவர் மனைவி, அவர் டேப், அவர் மாலை. அந்த அம்மாள் எதிலும் இல்லை. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அடுப்பின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"உங்க கண்ணுல ஒண்ணும் இல்லம்மா. தலையிலயும் ஒண்ணும் இல்ல. நீங்க பாத்தப்போ அங்க கோடே இல்ல."

 என் முகம் ஓடெட்டின் முகமாக இருக்க மறந்துவிட்டது.

"அப்புறம்?" என்றார் என்னிடம்.

"அப்புறம் அவங்க கேப்பாங்க. கேட்டா சொல்லுங்க."

குல்லாவைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். வண்டியை எடுக்கவில்லை, ஓடெட் வீடு நடக்கிற தூரம்தான். ரிசீவரைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார் போல, மேல்சட்டைப் பைக்குள் கனமாகத் தெரிந்தது. ஜன்னலில் அவர் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது.

இனி நான் எழுதப்போவதில்லை. நிலவறையைக் கற்பனை செய்தேன், நாயின் பார்வையைக் கற்பனை செய்தேன், அதில் தப்பும் செய்தேன். அந்த அம்மாள் என்ன சொல்வார் என்பதை மட்டும் கற்பனை செய்ய எனக்கு உரிமை இல்லை. சிரிக்கலாம். அந்த ரிசீவரை எடுத்து அவர் தலையிலேயே போடலாம். இத்தனை நாள் தன் தாயின் வியாதி தனக்கும் வந்துவிட்டதென்று நினைத்துத் தனியாகப் படுத்திருந்த வீட்டில், அடுத்த மாதம் தன் பையனுக்குப் பெண் கொடுக்கப்போகிறவர் வந்து நிற்கிறார். கோபமும் நிம்மதியும் ஒரே சமயத்தில் வந்தால் எது முதலில் வெளியே வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

வெர்லின் படியேறிவிட்டார். இப்போது நீங்கள்தான் ஓடெட். கதவைத் திறந்ததும் அவர் அந்த மூன்று வாக்கியங்களையும் சொல்லிவிட்டு, வாசலிலேயே நிற்கிறார்.

நீங்கள் சொல்லுங்கள்.